டொலீடோவில் விழித்தெழுந்த தண்ணீர்

தண்ணீர் தூங்குகிறது என்ற உண்மை டொலீடோ நகரத்து மக்களுக்கு 2002 பிப்ரவரியில்தான் தெரியவந்தது. அதுவரை அவர்கள் அதைக் குடித்தார்கள், குளித்தார்கள், ஏரியில் அது உறைந்து கிடந்தால் ஓட்டை போட்டு மீன் பிடித்தார்கள். பாவம், அது தூங்கிக்கொண்டிருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாது. டாக்டர் லைல் ஹேவர்கேம்ப் வந்து சொன்ன பிறகுதான் ஊர் விழித்துக்கொண்டது. தண்ணீரும் விழித்துக்கொண்டது. விழித்த தண்ணீர் பாட்டில் நாற்பது டாலர்.

டாக்டர் அதற்கு முன் பன்னிரண்டு வருடம் தண்ணீர்ப் படுக்கை விற்றவர். தண்ணீரின்மேல் படுப்பதை மக்கள் நிறுத்திவிட்டார்கள். உடனே கடையை மூடிவிட்டுத் தண்ணீரின் மனத்தை ஆராயப் போனார். எந்தப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்தார் என்று யாரும் கேட்கவில்லை. அப்படியெல்லாம் கேட்டால் தண்ணீருக்கு மனம் நோகுமாம்.

அவர் முதலில் வந்து இறங்கிய இடம் தீயணைப்பு நிலையத்தின் பின்புறக் கூடம். மாதத்தின் முதல் சனிக்கிழமை அங்கே ஒரு கூட்டம் கூடும். கம்ப்யூட்டரின் மூளையான புராசஸரை அதன் தகுதிக்கு மேல் வேகமாக ஓட்டுவது இவர்களுடைய பொழுதுபோக்கு. அப்படி ஓட்டினால் அது கொதிக்கும். அதைக் குளிர்விக்க ஒரு செம்புக் கட்டியை அறுத்துக் குடைந்து, உள்ளே தண்ணீர் ஓட வழி செய்து, புராசஸரின் தலைமேல் உட்கார வைப்பார்கள். எல்லாம் வீட்டுக் கராஜில் கைவேலை. கடையில் வாங்கினால் மானக்கேடு.

இவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். லேத் ஓட்டுகிறவர்கள், பஸ் மெக்கானிக்குகள், குழாய் பற்றவைக்கிறவர்கள். ஒரு அங்குலச் செம்பு என்று கடைக்காரன் சொன்னால், அவன் கண்ணெதிரிலேயே நாலு பக்கமும் அளந்து பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுப்பார்கள். உலகத்தில் அவர்கள் சரிபார்க்காமல் நம்பிய பொருள் ஒன்றே ஒன்று, திரையில் தெரியும் டிகிரி. வெளியே குளிரை ஃபாரன்ஹீட்டில் பேசுவார்கள், காய்ச்சலை ஃபாரன்ஹீட்டில் பார்ப்பார்கள், கோழியையும் ஃபாரன்ஹீட்டில்தான் வேகவைப்பார்கள். புராசஸருக்கு மட்டும் செல்சியஸ். பூசைக்கென்று தனி மொழி இருந்தால்தானே பக்தி வரும்.

ட்வைட் கோவாச் இந்தக் கூட்டத்தில் ஒருவன். வயது நாற்பத்து நாலு. கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பது பிழைப்பு. தன் செம்புக் கட்டியை அவன் மூன்று வாரம் செய்தான். இரண்டு அங்குலச் சதுரம், அரை அங்குலக் கனம். டிரில் போட்டு உள்ளே வளைந்து வளைந்து பாதை குடைந்தான். மேலே பிளாஸ்டிக் மூடி, எட்டுத் திருகு. அடிப்பக்கத்தை, ஜன்னல் கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்து, தன் முகம் தெரிகிறவரை தேய்த்தான். மீன்தொட்டிப் பம்பு தண்ணீரைத் தள்ளும், பழைய காரிலிருந்து கழற்றிய ரேடியேட்டர் அதை ஆற்றும். திரையில் ஐம்பத்திரண்டு டிகிரி காட்டியது. அவன் சந்தோஷமாக இருந்தான்.

அந்தச் சந்தோஷம் பிப்ரவரிக் கூட்டத்தில் டாக்டர் அவன் மெஷினைக் குனிந்து பார்க்கும்வரை நீடித்தது.

"இதைச் செஞ்சது யாரு?"

"நான்தான் டாக்டர்."

"கை சுத்தம். மனசும் சுத்தம். ஆனா உள்ள ஓடுறது செத்த தண்ணி, சகோதரா."

ட்வைட்டுக்கு வெட்கமாகப் போய்விட்டது. செம்பை மூன்று வாரம் தேய்த்தவன் தண்ணீரைப் பற்றி ஒரு நிமிஷம் யோசிக்கவில்லையே!

அன்றே விழிப்புச் சடங்கு நடந்தது. மெஷினை அணைத்தார்கள். பழைய தண்ணீரை வடித்தார்கள். டாக்டர் பெட்டியின்மேல் கறுப்பு வெல்வெட் துணியைப் போர்த்தினார், வெளிச்சம் பட்டால் ஆகாதாம். துணிக்குள்ளே கையை விட்டுச் செம்புக் கட்டியைக் கழற்றினார். புராசஸரையும் வெளியே எடுத்தார். பிறகு அது உட்கார்ந்திருந்த சாக்கெட்டுக்குள் இரண்டு விரலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"சாக்கெட்டோட துயரத்தை வெளிய அனுப்பறேன்" என்றார்.

சாக்கெட்டுக்கு என்ன துயரம் என்று எழுபது பேரில் ஒருவர் கேட்கவில்லை. ஓய்வுபெற்ற பஸ் மெக்கானிக் கஸ் ஓரோஸ் மட்டும் தொப்பியைக் கழற்றினார்.

பிறகு எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, நீலப் பாட்டிலைத் திறந்து தண்ணீரை ஊற்றி, மெஷினைப் போட்டார்கள். கால் மணி நேரம் கழித்துத் திரையில் நாற்பத்தொன்று. பதினொரு டிகிரி குறைந்துவிட்டது! கூடம் கைதட்டியது. கஸ்ஸுக்குக் கண் கலங்கியது. அவர் பெண்ணின் கல்யாணத்தில்கூட அது கலங்கியதில்லை.

அன்று இன்னும் பலர் சடங்கு செய்துகொண்டார்கள். டாக்டர் விதிகளைச் சொன்னார். நாற்பது நாளைக்குப் பெட்டியைத் திறந்து எதையும் கழற்றக் கூடாது, கழற்றினால் தண்ணீர் மறுபடி தூங்கிவிடும். சந்தேகப்படுகிறவர்கள் அருகில் இருக்கக் கூடாது, இருந்தாலும் தூங்கிவிடும். விழித்த தண்ணீருக்கு இவ்வளவு தூக்கம் வருவதைப் பற்றியும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நாற்பத்தொன்று என்றால் இன்னும் வேகமாக ஓட்டலாம் என்று அர்த்தம். வீட்டுக்குப் போன ட்வைட் வேகத்தைக் கூட்டினான், மின்னழுத்தத்தையும் கூட்டினான். திரை நாற்பத்தாறு என்றது. பழைய ஐம்பத்திரண்டுக்கு அது எவ்வளவோ மேல். ஆனால் மெஷின் உறைந்துபோய் நின்றது. ஒரு கல்யாண வீடியோ மெஷினுக்குள் பாதி வெந்துகொண்டிருக்கும்போது, மணமகள் கேக்கை வெட்டக் கத்தியைத் தூக்கினாள், அப்படியே நின்றுவிட்டாள். மறுபடி போட்டான். மறுபடி அதே கேக், அதே கத்தி. அந்த மாதக் கடைசிக்குள் ஒன்பது முறை நின்றது. மணமகளின் அம்மா தினமும் போன் செய்தாள்.

ட்வைட் டாக்டருக்குப் போன் செய்தான்.

"எண் என்ன காட்டுது?"

"நாப்பத்தாறு டாக்டர்."

"அப்போ தண்ணி வேலை செய்யுது. வீட்டுல யாரோ சந்தேகப்படறாங்க சகோதரா. யாரது?"

சடங்கு நடந்த அன்று பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுபோய் மேசைமேல் வைத்தபோது ட்வைட்டின் மனைவி நோரீன் கேட்டது காதில் ஒலித்தது. "நாப்பது டாலர் தண்ணியா? அந்தக் காசுக்கு வந்து பாத்திரமும் கழுவிக் குடுக்குமா?"

"எங்க வீட்டுக்காரி" என்றான்.

"நல்லவங்களாத்தான் இருப்பாங்க. ஆனா இருபத்தொரு நாளைக்கு அவங்க வேற கூரைக்குக் கீழ இருக்கட்டும். கஷ்டம்தான். பெருசா ஒண்ணு வேணும்னா சிறுசா ஒண்ணை விடணும் இல்லையா?"

பத்தொன்பது வருடம் குடும்பம் நடத்திய மனைவி சிறிது. பதினொரு டிகிரி பெரிது. ட்வைட் அப்படியெல்லாம் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. போட்டிருந்தால் போனை வைத்திருப்பான். அவனுக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான். பயந்தவன் போனை வைப்பதில்லை.

சாப்பாட்டு மேசையில் விஷயத்தைச் சொன்னான். நோரீன் பள்ளிக்கூடச் சமையலறையில் நானூறு பிள்ளைகளுக்குச் சமைக்கிறவள். பெரிய கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முழுவதையும் கேட்டாள்.

"அதாவது நான் சண்டஸ்கியில எங்க அக்கா வீட்டுக்குப் போகணும். நான் இங்க இருந்தா உன் மெஷின் சூடாகும்."

"மூணே வாரம் நோரீன்."

"சரி. ஒண்ணு மட்டும் சொல்லு. அது இவ்வளவு சூடுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"திரையில வருதே."

"திரைக்கு எப்படித் தெரியும்?"

"புராசஸருக்கு அடியில, சாக்கெட் நடுவுல, மிளகு மாதிரி ஒரு சின்ன மணி இருக்கும். ரெண்டு மெல்லிசுக் கம்பியில நிமிந்து நிக்கும். அது புராசஸரோட வயித்தைத் தொட்டுக்கிட்டே இருக்கும். அதான் சொல்லும்."

"அந்த மணி சரியா சொல்லுதான்னு யாரு பாத்தா?"

"அதை எதுக்குப் பாக்கணும்?"

"தினமும் காலையில நான் முதல்ல செய்யறது என்ன தெரியுமா? கறி வெந்துச்சான்னு பாக்கற தெர்மாமீட்டரை ஐஸ் தண்ணியில வெப்பேன். ஃபாரன்ஹீட்டுல முப்பத்திரண்டு காட்டணும். காட்டலைன்னா அது சொல்ற எதையும் நம்ப மாட்டேன். நானூறு பிள்ளைங்க சாப்பிடணும்."

"பாத்தியா! இதைத்தான் டாக்டர் சொன்னாரு" என்று கத்தினான் ட்வைட். "எதைச் சொன்னாலும் ஒரு கேள்வி. நீ இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் அது நின்னு நின்னு போகுது!"

நோரீன் பெரிய கரண்டியைத் திரும்பக் கையில் எடுத்தாள். அவள் முகம் சிறுத்துவிட்டதை ட்வைட் பார்த்தான். ஆனாலும் சொன்ன வார்த்தையைத் திருப்பி எடுக்கவில்லை.

"போறேன்" என்றாள். "சனிக்கிழமை உங்க கூட்டத்துக்குக் கறியும் பீன்ஸும் போட்டுச் சில்லி சமைச்சுத் தர்றதா ஒத்துக்கிட்டேன். அதைச் செஞ்சு குடுத்துட்டு அங்கிருந்து அப்படியே போயிடறேன்."

மார்ச் முதல் சனிக்கிழமை மத்தியானம் கூடத்தில் நிற்க இடமில்லை. மிச்சிகனிலிருந்தெல்லாம் வண்டி போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள். கம்ப்யூட்டரே இல்லாத ஒருவர், தன் பனி அள்ளும் இயந்திரத்துக்கு ஒரு பாட்டில் வேண்டும் என்று கேட்டார். டாக்டர் கொடுத்தார். தண்ணீருக்கு வேற்றுமை கிடையாது.

சடங்கு செய்துகொண்ட மற்றவர்களைப் போல ட்வைட்டும் தன் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து ஓரமாக வைத்திருந்தான், மறுவிழிப்பு செய்துகொள்ள. நோரீன் கூடத்தை ஒட்டிய சமையலறையில் சில்லியைக் கிண்டிக்கொண்டிருந்தாள். டாக்டரின் நீலப் பாட்டில் பெட்டி அவள் பக்கத்து மேடையில் இருந்தது. தீயணைப்பு நிலையத்தின் கேப்டன் வெர்ன் டில்லட்சன் ருசி பார்க்கிறேன் என்று அங்கேயே மூன்றாவது கிண்ணத்தில் இருந்தார்.

அன்றைய சடங்கு கஸ் ஓரோஸின் புது மெஷினுக்கு. ஐம்பத்து மூன்று டிகிரி என்று சுவரில் பெரிய எழுத்தில் காட்டினார்கள். டாக்டர் கை நீட்ட, நோரீன் தானே ஒரு பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தாள். வெல்வெட் விரிந்தது. விரல்கள் உள்ளே போயின. சாக்கெட்டின் துயரம் வெளியேறியது. தண்ணீர் ஊற்றப்பட்டது. கால் மணி நேரத்தில் சுவரில் நாற்பத்திரண்டு.

கூடம் ஆர்ப்பரித்தது. சிலர் கஸ்ஸைக் கட்டிப்பிடித்தார்கள். தன் வீட்டுத் தண்ணீர் என்றைக்கு விழிக்குமோ என்று ட்வைட்டும் ஏக்கத்தோடு கைதட்டினான்.

"மிஸ்டர் ஹேவர்கேம்ப்" என்று நோரீன் கூப்பிட்டாள்.

"டாக்டர்னு சொல்லுங்கம்மா."

"எதுல டாக்டர்?"

"நீர் அதிர்வுல."

"அப்படியா. அந்தப் பாட்டில்ல இருந்தது துடைப்பம் கழுவற தொட்டிக் குழாய்த் தண்ணி, மிஸ்டர் ஹேவர்கேம்ப். உங்க தண்ணியைக் கொட்டிட்டு நான்தான் பிடிச்சு வெச்சேன்."

"நான் பக்கத்துலதான் நின்னேன்" என்றார் கேப்டன் வெர்ன், வாயைத் துடைத்துக்கொண்டு. "அதே குழாய்தான். நானே திறந்து விட்டேன்."

ட்வைட்டுக்கு ஒரு பக்கம் கோபம், இன்னொரு பக்கம் இனம் புரியாத ஒரு நிம்மதி. முதலில் பேசியவர் கஸ்.

"அப்போ துடைப்பத் தொட்டித் தண்ணியும் முழிச்சுத்தான் இருக்கு!"

இரண்டு பேர் காலி கேன்களை எடுத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் நடந்தார்கள். பகுத்தறிவுக்கு இந்த ஊரில் அவ்வளவுதான் ஆயுள்.

டாக்டரும் சும்மா வந்தவர் அல்ல. ஒரு நொடியில் இரண்டு கையையும் உயர்த்தினார்.

"ஆமா சகோதரர்களே! என் கை பட்டா எந்தத் தண்ணியும் முழிக்கும். இந்தம்மா என்னைச் சோதிச்சாங்க. தண்ணி என்னைக் காட்டிக் குடுக்கலை!"

முன்னைவிட இரண்டு மடங்கு கைதட்டல்.

"உங்க கைதான் காரணம்" என்றாள் நோரீன். "அதுல எனக்கும் சந்தேகம் இல்லை. தண்ணியில நீங்க கையே வைக்கலை, பாட்டில்ல இருந்து நேரா ஊத்துனீங்க. கை போனது சாக்கெட்டுக்குள்ள. அங்க என்ன செஞ்சீங்கன்னு திறந்து காட்டுங்க."

"நாப்பது நாள் திறக்கக் கூடாது!"

"திறக்காதீங்க!" என்று கஸ் தன் பெட்டிமேல் படுக்காத குறையாகக் கையை விரித்தார். "யாரும் கிட்ட வரக் கூடாது, சொல்லிட்டேன்!"

கூட்டம் முணுமுணுத்தது. பின்னாலிருந்து ஒருவர், "அந்தம்மாவை வெளிய அனுப்புங்கப்பா" என்றார். டாக்டர் தலையைத் திருப்பி ட்வைட்டைப் பார்த்தார்.

"சகோதரா, இது உங்க வீட்டுக்காரிதானே? அவங்களைக் கூட்டிட்டுப் போங்க. இல்லைன்னா உங்க தண்ணி இனி எப்பவும் முழிக்காது."

தொண்ணூறு தலைகள் ட்வைட் பக்கம் திரும்பின. நோரீன் குளிருக்கான கோட்டை ஏற்கெனவே போட்டுவிட்டாள், கையில் கார்ச் சாவி. அவன் ஒரு வார்த்தை சொன்னால் போய்விடுவாள். சொல்லாவிட்டாலும் போய்விடுவாள். போனால் இருபத்தொரு நாளில் வருவாளா என்பது அப்போதுதான் அவனுக்குத் திடீரென்று சந்தேகமாக இருந்தது. ஒரு மாதத்தில் அவன் பட்ட முதல் சந்தேகம். கூடவே சாக்கெட்டுக்குள் இருக்கும் மணியும் அவள் கேட்ட கேள்வியும் நினைவுக்கு வந்தன. யாரு பாத்தா?

ட்வைட் ஸ்க்ரூடிரைவரை எடுத்தான்.

"என் பெட்டியை நான் திறக்கறேன்" என்றான்.

"தண்ணி செத்துடும்!" என்றார் டாக்டர்.

"அது ஏற்கெனவே ஒன்பது தடவை செத்தாச்சு டாக்டர்."

தண்ணீரை வடித்தான். செம்புக் கட்டியைக் கழற்றினான். நெம்புகோலைத் தூக்கி, புராசஸரை விரல் நுனியில் மெதுவாக எடுத்தான். குனிந்து பார்த்தான். மறுபடி குனிந்து பார்த்தான். டிசம்பரில் இதே கையால் இதைப் பூட்டியபோது அந்த மணி நிமிர்ந்து நின்றது அவனுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. இப்போது அது சாக்கெட்டின் தரையோடு தரையாகப் படுத்திருந்தது. பக்கத்தில் யாரோ கட்டைவிரல் நகத்தால் அழுத்திய தடம்.

"மணி படுத்திருக்கு" என்றான். "புராசஸரைத் தொடவே இல்லை. இது இத்தனை நாளா அடியில இருக்கற காத்தோட சூட்டைத்தான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கு."

ஒரு பல்குத்தும் குச்சியால் மணியை நிமிர்த்தினான். சூட்டைக் கடத்தும் பசையைத் தடவி, எல்லாவற்றையும் மாட்டி, அதே துடைப்பத் தொட்டிக் குழாயிலிருந்து தண்ணீர் பிடித்து ஊற்றி, மெஷினைப் போட்டான். எல்லாரும் கழுத்தை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். நாற்பது. நாற்பத்தெட்டு. ஐம்பத்தைந்து. அறுபத்தொன்றில் போய் நின்றது. மணமகள் கேக்கின்மேல் கத்தியோடு நின்றதற்குக் காரணம் அந்த அறுபத்தொன்று. ட்வைட் தன் கையாலேயே புராசஸரை ஒரு மாதம் வறுத்திருக்கிறான்.

"நோய் குறையலை, தெர்மாமீட்டரை வாயில இருந்து எடுத்துட்டாரு" என்றார் கேப்டன் வெர்ன்.

அதன்பிறகு கூடத்தில் ஸ்க்ரூடிரைவர் சத்தம் மட்டும்தான். சடங்கு செய்துகொண்ட அத்தனை பெட்டிகளும் திறந்தன. ஒவ்வொரு சாக்கெட்டிலும் மணி சமர்த்தாகப் படுத்திருந்தது. கஸ் கடைசியாகத் திறந்தார். பார்த்துவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

டாக்டர் பாட்டில்களை அடுக்கிக்கொண்டு பின்வாசல் பக்கம் நகர்ந்தார். "இந்த ஊரைத் தண்ணி மன்னிக்காது" என்றார்.

"அது பரவால்லைங்க" என்று கேப்டன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். "தண்ணி எங்களுக்குப் பழக்கம்தான். வாங்கின பணத்தை வெச்சுட்டுப் போங்க."

பனி அள்ளும் இயந்திரக்காரர் மட்டும் பணத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளவில்லை. தன் இயந்திரத்தில் வெப்பமணியே கிடையாது, அதனால் தன்னை யாரும் ஏமாற்ற முடியாது என்றார். அவரிடம் வாதாட யாருக்கும் தெம்பில்லை.

ட்வைட் வெளியே ஓடினான். நோரீன் காரைத் துடைத்துக்கொண்டிருந்தாள், கண்ணாடியில் பனி படிந்திருந்தது. அவன் கையிலும் கழுத்திலும் வெப்பப் பசை.

"நோரீன், வீட்டுக்கு வா. நான் ஒரு மடையன்."

"அது எனக்குத் தெரியும். அக்கா கோழி சமைச்சு வெச்சிருக்கா, போயிட்டுத் திங்கக்கிழமை வர்றேன்."

"மன்னிச்சுடு. இவ்வளவு நாள் வேலை பாத்திருக்கேன், அந்த மணியைப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்லை."

"மணியை விடு. அது அடியில இருந்துச்சு, கண்ணுக்குத் தெரியலை." அவள் கதவைத் திறந்து உட்கார்ந்தாள். "கேள்வி கேக்கறவளை முதல்ல வீட்டை விட்டு அனுப்புன்னு ஒருத்தன் சொல்றான். அவன் எதுக்குப் பயப்படறான்னு கண்டுபிடிக்க எந்தப் பெட்டியையும் திறக்க வேண்டாம் ட்வைட். கழுத்துக்கு மேல வெச்சிருக்கியே, அதைக் கொஞ்சம் திறந்திருந்தா போதும்."